சென்றாயன் அள்ளும் சாந்து

மண்வெட்டியால் சாந்தை அள்ளிப் போடும்போது சென்றாயன் எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டியை மட்டும்தான் பார்ப்பார். "மூஞ்சியப் பாத்தாக் கை கோணிப் போயிருமுங்க" என்பார்.

மேட்டூர் அணை வேலையில், அவரிடம் சுண்ணாம்புச் சாந்து வாங்கிச் சுமப்பவர்கள் எல்லாரும் பெண்கள். சட்டியை நிரப்பித் தலைக்குத் தூக்கிவிடுவது அவர் பொறுப்பு. முன்பு அந்த இடத்தில் இருந்தவன், சிரித்துப் பேசுகிறவளுக்கு அரைச் சட்டியும் முறைக்கிறவளுக்குக் குவியச் சட்டியும் போட்ட புண்ணியவான். அப்போது சாரம் ஏறும் வழியெல்லாம் சண்டை. ஒருத்தி தண்ணீர் கேட்டால் இன்னொருத்தி தரமாட்டாள். சென்றாயன் வந்த பிறகு சுமை குறையவில்லை, முணுமுணுப்பு குறைந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே!

போன மாசியில் அவர் மனைவி உண்ணாமலையும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தாள். மனிதருக்குக் கிலி பிடித்துவிட்டது. பெண்டாட்டிக்குக் குறைத்துப் போடுகிறான் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எடுத்த பேரெல்லாம் காற்றோடு போகும். எதற்கு வம்பு என்று அவள் சட்டியில் மட்டும் ஓர் அள்ளு கூடுதலாகவே போட்டு வந்தார். அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் சோறு போடும்போதும் திறக்கவில்லை. ஊமைக் கோபம் பொல்லாதது. அது அவருக்கு உறைக்கவே இல்லை.

பொறுக்காதவள் வரிசையில் அடுத்து நின்ற செல்லாயிதான். ஒரு நாள் காலிச் சட்டியைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"ஏனுங்ணா, எங்களுக்கு ஒரு நாயம், உங்க ஊட்டுக்காரிக்கு ஒரு நாயமுங்களா? இன்னைக்கு அவளுக்கு ஏத்துன கை நாளைக்கு எனக்கு ஏத்தாதுன்னு என்னங்க நிச்சயம்?"

அவளுக்குப் பின்னால் மற்றச் சட்டிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. வேலை நின்றது.

"என்ற பொண்டாட்டிதானே சாமி, அவ பொறுத்துக்குவா" என்றார் சென்றாயன்.

"பொறுத்துக்குவேனுங்க. ஆனா எனக்கும் கழுத்து ஒண்ணுதானுங்களே?" என்றாள் உண்ணாமலை. குனிந்து, தன் சட்டியில் கூடுதலாக இருந்த சாந்தை இரண்டு கையாலும் வாரிக் குவியலில் எறிந்தாள்.

சென்றாயனின் முகம் சுண்டிப் போயிற்று. மண்வெட்டியைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அத்தனை பெண்களும் பார்த்திருக்க, சுண்ணாம்பு அப்பிய அவள் கைகளைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.