பஸ் ஸ்டாண்டு பக்கம்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல்லைப் பற்றி மேடையில் பேச வேண்டும். கட்டுமரம், கஞ்சி என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ள, இவள் யாரும் தொடாத ஒன்றைத் தேடி எடுத்துவிட்டாள். அதைச் சொல்ல வீடு வரைக்கும் பொறுக்கவில்லை. கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதுமே போனைப் பார்த்தபடி உரக்க ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா, இங்கிலீஷ்ல பரையான்னு ஒரு வார்த்தை இருக்கு. நம்ம பறையிலருந்துதான் போயிருக்கு! தாத்தா அடிப்பாருல்ல, அதே பறை!”

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. பறை அடித்தவர்களின் பெயரை வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் பறை தொலைந்தது. யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. இன்று உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தெருநாயையும். கல்லூரியில் அகராதியில் பார்த்த அன்றே எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மேலூருதான்க்கா.”

“மேலூர்ல எந்தப் பக்கம்?”

எங்கள் பக்கத்தில் இது வழி கேட்பதல்ல, சாதி கேட்பது.

“பஸ் ஸ்டாண்டு பக்கந்தான்க்கா” என்றேன்.

எங்கள் ஊருக்கு அங்கிருந்து இன்னொரு பஸ் ஏற வேண்டும். மகளுக்கும் அது தெரியும். வாயைத் திறக்கப் போனவளின் கையை அழுத்தினேன். வலித்திருக்க வேண்டும். போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், “வேற வார்த்தை எடுத்துக்கத்தா. கட்டுமரம் நல்லாருக்கும்ல?” என்றேன்.

“அத நாலு பேரு எடுத்துட்டாங்கப்பா.”

“இருக்கட்டும்.”

ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். என் அப்பா தலை நிமிர்ந்து அடித்த பறை அது. அவர் பேத்தி அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். நடுவில் நான் ஒருவன்தான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

மேடையில் கட்டுமரத்தைப் பற்றி அழகாகத்தான் பேசினாள். முடிந்ததும் அவள் தோழியின் அம்மா எங்களிடம் வந்தார்.

“பாப்பா சூப்பராப் பேசுனா. உங்களுக்கு எந்த ஊருங்க?”

இந்த முறை எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். நான் வாயெடுப்பதற்குள் மகள் சிரித்த முகத்தோடு முந்திக்கொண்டாள்.

“மேலூர் ஆன்ட்டி. பஸ் ஸ்டாண்டு பக்கம்.”