நெற்புரதம் பளிங்காகும் வரை

புரதத்தைப் பளிங்காக்கும் தொழிலில் முக்கால்வாசி, ஒரு நீர்த்துளியைப் பார்த்தபடி சும்மா இருப்பதுதான். ஏ-9 வீதியில் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றவர்களுக்கு என் பாடு விளங்கும்.

நெல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. வயலில் உவர் ஏறினால் அது டி.என்.ஏ.யைப் போய்ப் பிடித்து, உப்பைத் தாங்கும்படி பயிரை எழுப்பிவிடும். எப்படிப் பிடிக்கிறது என்று அறிய, இரண்டையும் சேர்த்துப் பளிங்காக, அதாவது படிகமாக, வளர்த்து எக்ஸ்ரே பிடிக்க வேண்டும். கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் அந்த வளர்ப்பு வேலை எனக்கு.

முதல் மினுக்கம்

ஒரு காலை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். துளிக்குள் ஊசி ஊசியாய் வெளிச்சம். குளத்தின் அடியில் யாரோ விளக்கேற்றியதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது.

என்னோடு வேலை செய்யும் பிலோமினா அக்கா ஊசிமுனையால் மெல்லத் தொட்டா. புரதம் என்றால் பொசுக்கென்று உதிரும். இது நறுக்கென்று உடைந்தது. வெறும் உப்பு. எனக்கு அழுகை வந்தது. அவா களப்போரத்தில் உப்புப் படியும் நாயாற்றுக்காரி.

“எடி பிள்ளை, உப்புக்கோ இவ்வளவு பாடு? எங்கட பக்கம் வந்திருந்தால் கடகத்தோட அள்ளித் தந்திருப்பனே!”

கணேசண்ணை பார்த்தது

விதைநெல் தந்தவர் கணேசண்ணை. கடல்நீர் ஏறிய அவருடைய வயலில் தப்பி நின்ற நெல் அது. ஒருநாள் பார்க்க வந்தார். வெளியே மாரி மழை. உள்ளே துளி அசையாமல் கிடந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்:

“உது விளைஞ்சால் என்னெண்டு பிள்ளை வெட்டுறது?”

மீன் பெட்டி

கடைசியில் உண்மையான பளிங்குகள் வந்த கிழமையிலேயே கரண்ட் போனது. ஜெனரேற்றரும் கைவிட்டது. சூடேறினால் எல்லாம் கரைந்துவிடும். பிலோமினா அக்கா தன் தம்பிக்குப் போன் போட, அவன் மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். ஐஸைத் துவாயால் சுற்றி, பளிங்குத் துளிகள் இருந்த தட்டுகளை உள்ளே வைத்தோம். பெட்டியை அணைத்தபடி மத்தியான வெக்கையில் கண் சொருகினேன். எனக்குள்ளும் ஏதோ மெல்ல மெல்ல உறைவதுபோல ஒரு சுகம். அவன் தட்டி எழுப்பினான்:

“மிஸ், முகத்தை அதில வைக்காதேங்கோ, காலமை திருக்கை கிடந்த பெட்டி.”

புள்ளிகள்

தப்பிய பளிங்குகளை உறையவைத்து, எக்ஸ்ரே பிடிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். ஒரு பின்னேரம் படம் வந்தது. கறுப்புத் திரை முழுக்கப் புள்ளிகள். அதைக் கணித்து எடுத்தபோது, டி.என்.ஏ.யின் முறுக்குக்குள் புரதம் விரல் நுழைத்துப் பிடித்திருந்தது. தூங்கும் குழந்தை தாயின் விரலைப் பிடிக்குமே, அந்தப் பிடி.

முதலில் கணேசண்ணைக்குத்தான் போன் எடுத்தேன். “அப்ப வாற மாரிக்கு விதைக்கலாமோ?” என்றார். இதிலிருந்து புது நெல் வர இன்னும் கனகாலம் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது.

“சரி பிள்ளை, நான் இந்த முறையும் பழைய நெல்லை விதைக்கிறன். நீ விடாதை.”

உற்றுப் பார்த்தாலும் வளராது, பாராமல் விட்டாலும் வளராது என்று நன்றாகத் தெரிந்துகொண்டும் தினமும் போய் எட்டிப் பார்ப்பதற்குத்தான் எங்களை விஞ்ஞானிகள் என்கிறார்கள்.