சர்க்கரைக்கும் சோளத்துக்கும் நடுவே ஒரு நாக்கு

கொப்பரை அக்காவின் நாக்கைப் பற்றிக் குளிர்பானத் தொழிற்சாலையில் உலவிய கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை அவளே கட்டிவிட்டாள். குளத்தின் ஒரு கரையில் யாராவது ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கொட்டினால், எதிர்க்கரையில் நின்று ஒரு கை தண்ணீரை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கொட்டியவர் இடது கைக்காரர் என்று சொல்லிவிடுவாளாம். இதை நம்பாதவர்கள்கூட, “இன்னைக்குப் பாகு நீர்த்துக் கிடக்கு” என்று அவள் சொன்னால், மறுபேச்சில்லாமல் இன்னொரு மூட்டையைப் பிரித்தார்கள்.

அவளுடைய ராஜ்ஜியம் பாகு அறை. அங்கே கதவின் கைப்பிடியைத் தொட்டவர் கையை எடுக்க வேண்டுமானால் கைப்பிடியிடம் விடைபெற்றுக்கொள்ள வேண்டும். எறும்புகளும் மற்ற இடத்து எறும்புகளைப் போல வரிசையில் ஓடுவதில்லை. வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரரைப் போல ஒவ்வொன்றாக நடக்கும். அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு எஃகுக் கொப்பரை. தாடி என்று எல்லோரும் கூப்பிடும் மூட்டைக்காரர், மூட்டையின் தையலில் சரியான நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் வாயைத் திறப்பார். சர்க்கரை சரசரவென்று வெந்நீரில் இறங்கும். அக்கா துடுப்பால் கிண்டி, தெளிந்ததும் தடித்த துணியில் வடித்து, புளிப்புப் பொடியைக் கலந்து, குழாய் வழியாகப் பாட்டில் நிரப்பும் கூடத்துக்கு அனுப்புவாள். அங்கே மணமும் வாயுவும் சேர்ந்து அது எலுமிச்சைப் பானம் என்று பெயர் வாங்கிக்கொள்ளும்.

ஒரு காலையில் முதலாளி பாகு அறைக்கே வந்துவிட்டார். அக்காவைவிட வயதில் சிறியவர். அவருடைய அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால், நாலு பேர் முன்னால் அவரை முதலாளி என்பாள். கோபம் வந்தால் தம்பி என்பாள்.

“அக்கா, இனிமே சர்க்கரை வாங்கறதா இல்ல. சோளப்பாகுக்கு மாறப் போறோம்.”

“சோளத்துல ஏது பாகு? அதுல மாவுதானே இருக்கு?”

“அந்த மாவையே உடைச்சு இனிப்பாக்கறாங்க. டேங்கர்ல வரும். குழாயை மாட்டினா நேரா தொட்டிக்குப் போயிடும். மூட்டை பிரிக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

முதலாளி கொப்பரையைப் பார்த்தார். கொப்பரை அவருக்கு உதவவில்லை.

“விலை அப்படி இருக்கு அக்கா. வெளிநாட்டுச் சர்க்கரை உள்ள வந்தா நம்ம கரும்புக்காரங்க படுத்துடுவாங்கன்னு அரசாங்கம் வரி போட்டுத் தடுக்குது. அதனால சர்க்கரை விலை இறங்கவே மாட்டேங்குது. சோளம் போடறவங்களுக்கோ அரசாங்கமே கைகொடுக்குது. அதனால சோளம் மலிவு.”

“ரெண்டையும் பண்றது ஒரே அரசாங்கமா?”

“ஒரே அரசாங்கம்தான்.”

“காலையில ஒருத்தரும் சாயங்காலம் ஒருத்தரும் நாற்காலில உக்கார்றாங்க போலிருக்கு” என்றாள் அக்கா. பிறகு துடுப்பைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். “ருசி என்ன ஆகும் தம்பி?”

தம்பி என்ற சொல் வந்துவிட்டதால் முதலாளி ஓரடி பின்னே வைத்தார். “வித்தியாசமே தெரியாதுங்கறாங்க.”

“யாரு, விக்கிற ஆளா?”

தாடி சிரித்துவிட்டு, சிரிக்காதவர்போல மூட்டையைத் தட்டினார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. கடைக்காரர்கள், விற்பனை ஆட்கள், வேலைக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து ருசி பார்க்கச் சொல்வது. வித்தியாசம் தெரிகிறது என்று பெரும்பாலோர் கண்டுபிடித்தால் சர்க்கரையே தொடரும், பாகு அறை இருக்கும். கண்டுபிடிக்கவில்லை என்றால் கொப்பரையைக் கழற்ற ஆள் வரும்.

சோளப்பாகு பற்றி ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று அன்றிலிருந்து அக்கா தோண்டத் தொடங்கினாள். பால்காரரிடம் கேட்டாள், பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கேட்டாள். சலூன்காரர் கையில் கத்தியோடு இருக்கும்போது கேட்டதில், ஒருவருடைய கிருதா ஒரு பக்கம் ஏறிப் போனது. அவளுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால், மாவு எப்படி இனிக்கும் என்ற கேள்வி அந்தப் பயத்தைத் தள்ளிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கேட்கவே வேண்டாம், பதில் தானாக வந்தது. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். உடம்பில் சர்க்கரை நோய், கையில் எப்போதும் ஒரு எலுமிச்சைப் பான பாட்டில்.

“சோளப்பாகு விஷம்” என்றார் அவர். “எல்லாத்துலயும் போட்டிருக்கு, கல்லீரல் கொழுத்துப் போகுது. பேப்பர்ல படிச்சேன்.”

“நீங்க குடிக்கிறது?”

“இது சர்க்கரை. நீ காய்ச்சினது. வீட்டுச் சமையல் மாதிரி.”

மறுமாதப் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போனபோது, டாக்டரம்மாவிடம் அக்கா நேராகவே கேட்டாள்.

“சோளப்பாகு கல்லீரலைக் கெடுக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?”

“கெடுக்கும்மா.”

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப சர்க்கரை?”

“அதுவும் கெடுக்கும்.”

“ரெண்டுல எது ஜாஸ்தி?”

“எதை ஜாஸ்தியா குடிக்கிறாரோ அது” என்றார் டாக்டரம்மா, எழுதுவதை நிறுத்தாமல். “படிச்சவங்க இன்னும் அதுல சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க. பெரிய வித்தியாசம்னு யாரும் காட்டல. இவர் பாட்டிலைக் குறைச்சா எந்தக் கட்சி ஜெயிச்சாலும் பரவாயில்ல.”

இரண்டு பக்கமும் பாதை அடைத்த இடத்தில் பேருந்தைத் திருப்புகிறவரின் முகத்தோடு கணவர் வீடு வந்து சேர்ந்தார்.

ருசிப் பரீட்சையை நடத்தியவள் சோதனைக்கூடத்து ரசாயனக்காரி. பெரிய மூக்குக் கண்ணாடி போட்டவள் என்பதால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர். பரீட்சை முறையையும் அவளே சொன்னாள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று தம்ளர். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“மணம் சேர்த்தா மூக்கு தீர்ப்பு சொல்லிடும்க்கா. அதனால மணமும் வேண்டாம், வாயுவும் வேண்டாம். புளிப்பு கலந்த பாகு மட்டும் போதும், தண்ணி நான் விட்டுக்கறேன். சோளப்பாகுல நானே புளிப்பைக் கலந்து வெச்சுட்டேன். உங்க பாகு ரெண்டு பாட்டில் குடுங்க.”

இங்கேதான் அக்கா ஒரு காரியம் செய்தாள். அன்றைய கொப்பரையிலிருந்து பாகை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால், மானத்துக்கு நடக்கும் போட்டியில் அன்றாடச் சரக்கை யார் இறக்குவார்கள்? வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சுவருக்கு மேலே, ஈரம் ஏறாத பலகையில், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பாகு என்று அவள் நினைத்த ஒன்றை, புளிப்பும் கலந்து பாட்டில்களில் அடைத்து, பல மாதங்களாக வைத்திருந்தாள். கண்ணாடி போலத் தெளிந்து, துடுப்பிலிருந்து அறுந்துவிழாமல் பட்டு நூலாக இறங்கிய பாகு. மூட்டையில் பிழைக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சர்க்கரை கெடாது. ஈரம் படாவிட்டால் பேரன் காலத்துக்கும் இருக்கும். ஆகவே பலகையிலிருந்து அதை இறக்கி, துடைத்து, கண்ணாடியிடம் கொடுத்தாள். எப்போது காய்ச்சியது என்று கண்ணாடி கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தம்ளர்கள் அணிவகுத்தன. ஒரு கடைக்காரர் மூன்றையும் குடித்துவிட்டு, நாலாவது எங்கே என்று கேட்டார். விற்பனை ஆள் ஒருவர் நாக்கை வெளியே நீட்டி அதையே பார்க்க முயன்றார். தாடி ஒவ்வொரு தம்ளரிடமும் மன்னிப்புக் கேட்பவர்போலக் குனிந்து குடித்தார். எல்லோரும் ஏதோ ஒன்றைக் காட்டினார்கள். கண்ணாடி குறித்துக்கொண்டே போகப் போக, அவளுடைய புருவம் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே ஏறிப் போனது.

கடைசியாக அக்கா உட்கார்ந்தாள். முதல் தம்ளர், இரண்டாம் தம்ளர், மறுபடி முதல் தம்ளர். வாய் கொப்பளித்தாள். மூன்றாவதை எடுத்து வாயில் வைத்ததும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இதுதான். இதுதான் என் பாகு. மத்த ரெண்டும் சோளம். ஒரு வழவழப்பு இருக்கு பாருங்க, அது கரும்பைத் தவிர வேற எதுக்கும் வராது.”

கண்ணாடி தம்ளரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, வேற எதுன்னு சரியாத்தான் காட்டினீங்க. ஆனா அது சோளம். மத்த ரெண்டும்தான் உங்களுது.”

பிறகு எல்லோருடைய பதிலையும் கூட்டிப் பார்த்தாள். குருட்டாம்போக்கில் கைகாட்டினால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்களோ, அத்தனை பேர்தான் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

மற்றவர்கள் கலைந்த பிறகு அக்கா சோதனைக்கூடத்துக் கதவைத் தட்டினாள். கண்ணாடி முன்பே அந்தப் பாட்டிலைத் திறந்து ஏதோ சோதித்துக்கொண்டிருந்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கக்கா. இது இன்னைக்குக் காய்ச்சினதா?”

“இல்ல. இது என்னோட பொக்கிஷம். மாசக் கணக்கா வெச்சிருந்தேன்.”

“எங்க?”

“வெந்நீர்க் குழாய் மேல.”

கண்ணாடி சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சர்க்கரைங்கறது ரெண்டு சின்ன இனிப்பு கைகோத்து நிக்கிறதுக்கா. ஒண்ணு குளுக்கோஸ், ஒண்ணு பழத்துல இருக்கற ஃபிரக்டோஸ். மூட்டைல இருக்கறவரைக்கும் கையை விடாது. தண்ணில கரைச்சு, புளிப்பும் போட்டு, சூட்டுல வெச்சா மெதுவா கையை விட்டுடும். சோளப்பாகுல அதே ரெண்டும் முதல்லேருந்தே தனித்தனியாத்தான் நிக்குது, ஒண்ணு மட்டும் கொஞ்சம் கூடுதலா. உங்க பொக்கிஷத்துல கைகோத்தது அனேகமா ஒண்ணுமே பாக்கி இல்ல.”

“அப்ப நான் குடுத்ததும் சோளப்பாகுதான்னு சொல்லு.”

“கிட்டத்தட்ட. இது நியாயமான பரீட்சை இல்லக்கா. நான் முதலாளிகிட்ட சொல்றேன். இன்னைக்குக் காய்ச்சினதை வெச்சு மறுபடி நடத்தலாம். கண்டுபிடிச்சாலும் கண்டுபிடிச்சிடுவாங்க.”

அக்காவுக்குக் கண் முன்னால் கொப்பரை வந்து நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தது. ஆனால் வந்தது வேறு கேள்வி.

“கடைல நிக்கிற பாட்டில்ல?”

“என்ன?”

“நம்ம பானத்துலயும் புளிப்பு இருக்கு. கடைக்காரர் வெயில்ல அடுக்கி வெச்சிருக்கார். அங்க கையைப் பிடிச்சுக்கிட்டா நிக்கும்?”

கண்ணாடி மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “நிக்காது. ரொம்ப நாள் நின்னா அங்கயும் உடைஞ்சுதான் போகும்.”

இருவரும் வெளியே போய், முனைக்கடையில் தூசி படிந்த ஒரு பழைய பாட்டிலை வாங்கி வந்தார்கள். கண்ணாடி சோதித்தாள். பாதிக்கு மேல் உடைந்திருந்தது. அக்கா அதைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தன் வாழ்நாளெல்லாம் வாசல்வரை ஒரு பொருளை அனுப்பி வைத்திருக்கிறாள். அது தெருமுனை தாண்டியதும் வேஷம் மாற்றிக்கொண்டு போயிருக்கிறது. கோபம் வரவில்லை அவளுக்கு. திருட்டுத்தனமாக ஊர் சுற்றும் பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த தாய்க்கு வருகிற ஒரு ரகசியச் சிரிப்புதான் வந்தது.

முதலாளியின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பாட்டில் கதையைக் கேட்ட முதலாளி, “நியாயப்படி மறுபரீட்சை வெச்சுடலாம் அக்கா” என்றார்.

“வேண்டாம். நீங்க இன்னைய பாகை வெச்சு நடத்தினா நான் ஜெயிக்கலாம். ஆனா ஜனங்க யாரும் என் அறைக்கு வந்து குடிக்கறதில்ல. அவங்க குடிக்கறது முனைக்கடைச் சரக்கு. அதுல நான் ஏற்கனவே தோத்துட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒண்ணு கேக்கறேன். சோளத்துல மிச்சமாகற காசை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“விற்பனைக்காரங்க பாட்டிலைப் பெரிசாக்கச் சொல்றாங்க. அதே விலைக்கு.”

“அப்ப டாக்டரம்மா சொன்ன வில்லங்கம் பாகுல இல்ல, பாட்டில்ல இருக்கு. பாட்டில் அளவை மட்டும் தொடாதீங்க தம்பி.”

“யோசிக்கறேன்” என்றார் முதலாளி. யோசிப்பவர் கூரையைப் பார்ப்பார், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதை அக்கா கவனித்துக்கொண்டாள். விடப்போவதில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

கொப்பரையைக் கழற்றினார்கள். தாடி பாட்டில் நிரப்பும் கூடத்துக்குப் போனார். முதல் சில நாட்கள் பழக்கத்தில் பெட்டிகளில் தையல் தேடிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு டேங்கர் வாசலில் வேலை கொடுத்தார்கள். குளிர்ந்தால் சோளப்பாகு உறைந்து அடைத்துக்கொள்ளும், சூடு ஏறினால் நிறம் கெடும். தொட்டியின் வெதுவெதுப்பைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

முதல் டேங்கர் வந்த அன்று அவள் ஏணியில் ஏறி, மூடியைத் திறக்கச் சொல்லி, நீளக் கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்தாள். இனித்தது. வாசனை என்று ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் அவளை உறுத்தியது.

“இதுக்கு முன்னாடி இது எங்க இருந்துச்சுப்பா?” என்று டேங்கர் ஓட்டுநரிடம் கேட்டாள்.

“ஆலைலதான். ஒரு பக்கம் சோளம் உள்ள போகும், இந்தப் பக்கம் பாகா வரும். நடுவுல என்ன நடக்குதுன்னு எங்களுக்குக் காட்ட மாட்டாங்க.”

“எனக்குக் காட்டுவாங்க.”

“எப்படிம்மா சொல்றீங்க?”

“காட்டற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்ல.”

அடுத்த விடுமுறை நாளன்று, காலி டேங்கர் கிளம்பும்போது, கணவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கரண்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அக்கா ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஆலை வந்து சேரும்வரை அவள் கேட்ட கேள்விகளில், ஓட்டுநர் இரண்டு இடத்தில் வழி தவறினார்.