உதவிப் பயிற்சியாளர் எந்தக் கல்லூரி?

எங்கள் கல்லூரி அணியில் விளையாடிய ஒருவன்கூட எங்கள் கல்லூரியில் படித்தவன் இல்லை. எல்லோரும் டென்மார்க்கில் பிறந்தவர்கள். சிலர் ஓகூஸ் நகரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், சிலர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்லூரி என்று நாங்கள் சொல்லும் அந்தப் பள்ளிக்கூடம் இருப்பது யாழ்ப்பாணத்தில். அதில் படித்தவர்கள் அப்பாமாராகிய நாங்கள். இங்கே பழைய மாணவர் சங்கம் ஒன்று வைத்திருக்கிறோம். சங்கத்துக்கு ஒரு கால்பந்து அணி. கோடை முழுவதும் மற்றக் கல்லூரிச் சங்கங்களின் அணிகளோடு மோதுவோம். அணியில் சேர ஒரேயொரு விதிதான்: விளையாடுகிறவனின் அப்பா எங்கள் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். நான் அந்த அணியின் பயிற்சியாளர்.

என் உதவியாளர் எங்கள் கல்லூரிக்காரர் இல்லை. என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு காலையில் வேலை முடிந்து அந்த வெள்ளைக் காற்சட்டையோடேயே மைதானத்துக்கு வந்துவிடுவார். எனக்குக் கத்தத் தெரியும், அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. யாருக்கு இடதுகால் பழக்கம், யாருக்கு இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும், யார் திட்டினால் சுருண்டுவிடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு வருடம் ஒரு சதம் வாங்காமல், மழையில் நனைந்து, எங்கள் பிள்ளைகளை ஓடவைத்தவர்.

எங்கள் கோல் கீப்பர் அவருடைய அக்காவின் மகன். அவனுடைய அப்பாவும் எங்கள் கல்லூரியில் படித்தவர் இல்லை. ஆனால் அந்த உயரத்துக்கும் அந்தக் கைகளுக்கும் வேறு ஆள் எங்களிடம் இல்லை. அதனால் பதிவுப் படிவத்தில் அவனுடைய அப்பா எங்கள் கல்லூரியில் படித்ததாக நானே ஒரு வருடத்தைப் போட்டு எழுதினேன். அதில் கையெழுத்து வைத்தது எங்கள் சங்கத் தலைவர். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை, அண்ணை" என்று சொல்லித்தான் வைத்தார். பெடியனுக்கும் அவனுடைய மாமாவுக்கும் விஷயம் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் விபோர்க்கில் நடந்த முதல் போட்டியில் வென்றோம். மதியம் எல்லோரும் புரியாணிப் பெட்டிகளோடு புல்லில் இருந்தபோது லண்டன் கிளையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் உதவியாளரைப் பாராட்டினார். பாராட்டிவிட்டுக் கேட்டார்.

"தம்பி எங்கட கல்லூரியில எந்த வருசம்?"

"நான் உங்கட கல்லூரி இல்லை ஐயா." தன்னுடைய பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். சின்னப் பள்ளிக்கூடம்.

"ஓ. அப்ப ஊர்?"

ஊரைச் சொன்னார்.

"ஊரில எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னார். பெரியவர் "ஓமோம்" என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் இருந்தார். இந்த மூன்று கேள்வியும் எங்கே போய் முடியும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் கேட்பது படிப்பை அறிய அல்ல, ஊர் கேட்பது விலாசம் எழுத அல்ல. சாதியை வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் வரி கட்டுகிறோம். பிள்ளைகளை, எல்லோரும் சரிசமன் என்று சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறோம். பனியில் சைக்கிள் ஓடப் பழகிவிட்டோம். இந்த ஒரு கேள்வியை மட்டும் விடமாட்டோம்.

இரண்டு கிழமை கழித்துத் தலைவர் வீட்டில் நிர்வாகக் கூட்டம். கூட்டம் நடத்துவதை நாங்கள் டெனிஷ்காரரிடம் நன்றாகவே கற்றிருக்கிறோம். முன்கூட்டியே நிகழ்ச்சிநிரல் வரும், மேசையில் கோப்பியும் கேக்கும் இருக்கும், ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார். நாலாவது விடயம்: 'பயிற்றுநர் குழு'. அணியோடு நிற்கிறவர்கள் எல்லோரும் கல்லூரியோடு தொடர்புடையவர்களாக இருப்பதுதான் முறை என்று தலைவர் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கிய ஒருவர் இப்போது அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறாராம், உதவிப் பயிற்சியாளராக வரத் தயாராம்.

"நடுப் பருவத்தில ஆளை மாத்துறதோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

"சட்டம் எண்டா சட்டம்தான், அண்ணை. ஒருத்தருக்கு விட்டா மற்றவைக்கும் விடவேணும்." கண்ணைச் சிமிட்டிக் கையெழுத்து வைத்த அதே மனிதர். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்.

அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். 'கோல் கீப்பருக்கு இல்லாத சட்டம் அவன்ர மாமனுக்கு எங்கேயிருந்து வந்தது?'  அதை நான் சொல்லவில்லை. சொன்னால் படிவத்தில் நான் எழுதிய பொய் வெளியே வரும், பெடியனின் பெயரை வெட்டுவார்கள், அவன் இல்லாமல் கிண்ணம் இல்லை. மூன்று வருடம் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தோம். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டும். அலுமாரியில் வைக்கும் ஒரு தகரத்துக்காக வாயை மூடிக்கொண்டு கோப்பி குடித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அவள் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போனாள்.

ஞாயிறு பயிற்சி முடிந்து பெடியள் போனபிறகு சொன்னேன். அவர் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொமிற்றி ஒரு முடிவு எடுத்திருக்கு. கல்லூரி ஆள்தான் உதவியாளரா இருக்க வேணுமாம்."

அவர் நிமிரவில்லை. "விபோர்க்கில அந்த ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினவர். அப்பவே தெரியும் அண்ணை." கடைசிப் பந்தையும் போட்டுப் பையின் வாயைக் கட்டினார். "மருமோன்ர கதை வந்ததோ?"

"இல்லை."

"நீங்கள் அவனைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை."

"நல்லது. கதைச்சிருந்தா அவன்ர பேரையும் வெட்டியிருப்பாங்கள்." பையைத் தூக்கி என் காரில் வைத்தார். "பெரிய உதவி அண்ணை."

எனக்கு நன்றி சொன்னார்! என் கோழைத்தனத்தைத் தன் மருமகனுக்குச் செய்த உதவி என்று எடுத்துக்கொண்டார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகக் காரை எடுத்திருப்பேன். அந்த நன்றி கேட்டு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், வழியில் மெதுவாகப் போன ஒரு பாவப்பட்ட டெனிஷ்காரருக்கு ஹோர்ன் அடித்தேன்.

புதிய உதவியாளர் வந்தார். கழுத்தில் விசில், வயிற்றுக்குப் போதாத ரீசேட். பயிற்சி நேரத்தில் பாதி, எழுபதுகளில் தான் அடித்த கோல்களைப் பற்றிய பிரசங்கமாகப் போனது. பெடியள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். "மாமா ஏன் வாறேல்லை?" என்று கோல் கீப்பர் கேட்டான். வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். மாமாவும் அவனுக்கு அதையேதான் சொல்லியிருந்தார்.

பருவத்தின் பெரிய போட்டி அல்பர்ட்ஸ்லுண்டில். அரையிறுதி தாண்டும்வரை பெடியளின் கால்கள் எங்களைக் கொண்டுபோயின. இறுதி ஆட்டத்துக்கு முன்னர் உடைமாற்றும் அறையில் புதிய உதவியாளர் ஒவ்வொருவராகத் தோளில் தட்டி அப்பாவை விசாரித்துக்கொண்டு வந்தார். கோல் கீப்பரிடம் வந்தார்.

"தம்பின்ர அப்பா எங்கட கல்லூரியில எந்த வருசம்?"

கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். தமிழில் அவன் நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. "அப்பா உங்கட கல்லூரி இல்லை. எங்கட வீட்டில ஒருத்தரும் இல்லை."

"அதெப்பிடி? மாமனையே அதுக்காகத்தானே கொமிற்றிக் கூட்டத்தில நிப்பாட்டினது!"

 பெடியன் என்னிடம் திரும்பி, டெனிஷில் கேட்டான், சத்தம் போடாமல்: "வேலை கூடிவிட்டது என்று சொன்னீர்களே. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தனான்."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அவன் தலையை ஆட்டினான். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தான், சப்பாத்தை மாற்றினான், டெனிஷ்காரர் விடைபெறும்போது சொல்வதுபோல எல்லோருக்கும் ஒரு 'ஹை' சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ரயில் நிலையப் பக்கம் நடந்தான். யாரும் மறிக்கவில்லை. மறிக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

தலைவர் ஓடி வந்தார். "எங்க போறான்? அவனைக் கூப்பிடுங்கோ அண்ணை! அப்பா எங்க படிச்சா என்ன, அதை ஆர் பாக்கினம்?"

அப்போதுதான் எனக்கு வெடித்தது. மைதான ஓரத்தில், மற்றக் கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அடக்கிவைத்த எல்லாவற்றையும் கொட்டினேன். படிவத்தை, கண் சிமிட்டலை, புரியாணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பியவரை, ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வியை, பந்து பிடிக்கிற கைக்கு ஒரு சட்டம் பயிற்சி கொடுக்கிற கைக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிற சங்கத்தை.  இந்த அணியும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம் என்று கத்தினேன்.

தலைவர் முழுவதையும் கேட்டார். குறுக்கிடவில்லை. முடிந்ததும், கோபமே இல்லாமல், கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொன்னார்:

"இதை அண்டைக்குக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே அண்ணை. ஆர் சொன்னாலும் பயிற்சியாளர் மாட்டன் எண்டா நாங்கள் என்ன செய்யிறது? விட்டிருப்பம். நீங்கள் பேசாமல் இருந்தபடியால் உங்களுக்கும் அது விருப்பம் எண்டுதான் நினைச்சம்."

அது பொய்யாக இருக்கலாம். அந்த மனிதரை நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் பொய்யா என்று பார்க்க எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் கிடைத்தது, நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.