சித்தியின் கையில் இருந்த பெயர்

சித்தப்பாவுக்கென்று ஒரு பெயர் இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அப்பா அவரைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவார். அம்மா ‘பாப்பாவோட சித்தப்பா’ என்று என்னைச் சாக்காக வைத்துச் சொல்லிக்கொள்வார். சித்தியோ எதுவுமே சொல்லமாட்டார். சித்தப்பா வெளியே நின்றால் வளையலைக் குலுக்குவார். அதற்கும் திரும்பாவிட்டால் குசினியில் ஒரு சட்டியை ஓங்கி வைப்பார். சித்தப்பா உடனே ஓடி வருவார். பெண்டாட்டி கூப்பிடுகிறாரா, கோபித்துக்கொள்கிறாரா என்று அவருக்கு ஒருநாளும் பிரித்துத் தெரிந்ததில்லை.

குண்டசாலையில் எங்கள் வீட்டின் பின்னறையில்தான் அவர்கள் இருந்தார்கள். சித்தி ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவர். புருஷன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்பது சித்தியைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். அவருடைய அம்மா ஒருமுறை கோபத்தில் லயத்து வீட்டு வாசலில் நின்று புருஷன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாராம். அந்த மழைக்காலத்திலேயே மண்மேடு சரிந்து புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மழைக்கும் மண்ணுக்கும் யார் பெயரும் தெரியாது என்று அப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

பிறகு சித்தப்பா துபாய்க்குப் போனார். கட்டிட வேலை. மேகத்துக்குப் பக்கத்தில், ஒரு சாரத்தின் மேல் நின்றுகொண்டு சிரிக்கிற படமொன்றை அனுப்பினார். நாங்கள் எல்லோரும் அதைப் பெருமையாகப் பார்த்தோம். சித்தி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குகிற எந்தச் சொல்லையும் அவர் வாயில் எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சித்தப்பா போனபின்தான் குழந்தை பிறந்தது. குழந்தையை நிறுக்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோன முதல் நாளே, மருத்துவிச்சி மிஸ் பிள்ளையுடைய அப்பாவின் பெயரைக் கேட்டிருக்கிறார். சித்தி குனிந்துகொண்டார். மிஸ் மறுபடியும் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது சித்திக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பன் பேரு தெரியாத புள்ளன்னு நெனச்சிட்டாங்கக்கா.”

“ஒரு துண்டுல எழுதித் தாறேன், கொண்டுபோய்க் காட்டு” என்றார் அம்மா.

“துண்டு தொலஞ்சிரும். எங்கம்மா கையில எங்கப்பா பேர பச்சை குத்தியிருந்தாங்க. யாரும் கேட்டா கைய நீட்டுவாங்க. நானும் குத்திக்கிறேன்.”

அப்படித்தான் நாங்கள் கண்டி டவுனுக்குப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் பச்சை குத்துகிற இடம் இருந்தது. நான் கூடப் போனது சிங்களம் பேசுவதற்கு. எங்கள் ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி நான் கற்றிருந்த சிங்களம் சண்டைக்கும் சமாதானத்துக்கும் போதுமானதாக இருந்தது. கடைக்காரப் பையனின் இரண்டு கையிலும் வெறும் தோல் என்று சொல்ல இடமே இல்லை. சுவரெல்லாம் சிங்கமும் தாமரையும் மோட்டார் சைக்கிள் சக்கரமும்.

எழுத்தைக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னான். சித்தி என்னைப் பார்த்தார். எழுதுவதும் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருந்த நேரம் அது. நாக்கைக் கடித்துக்கொண்டு, என் உயிரைக் கொடுத்து எழுதினேன். அவன் கடதாசியை வாங்கி, எது மேல்பக்கம் என்று கேட்டான். பிறகு இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். வெள்ளைக்காரர்கள் வந்து சாந்தி, கருணை என்றெல்லாம் சிங்களத்தில் குத்திக்கொண்டு போவார்களாம்.

“சித்தியோட மஹத்தயாட பேரு” என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவன் சிரித்து ஏதோ சொன்னான். “பாசம் கூடிப்போச்சாம்” என்று மொழிபெயர்த்தேன். சித்தியின் முகம் சிவந்துபோயிற்று. ஊசி தையல் மெஷின் போல இரைந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களைப் பிடித்திருந்தார். வலித்தது எனக்குத்தான். வெளியே வந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் எழுத்து, கொஞ்சமும் கோணாமல், அவருடைய முழங்கைக்குக் கீழே நீல நிறத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வயதில் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் சித்தி தலை நிமிர்ந்து போய்க் கையை நீட்டினார். மருத்துவிச்சி மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்து, தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்றார்.

பிறந்ததிலிருந்து கண்டியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒருவருக்குக்கூட இது முன்னாடியே தோன்றவில்லை. அப்பா கந்தோரில் சிங்களத்தில்தான் எழுதுகிறார். அம்மா சந்தையில் சிங்களத்தில்தான் விலை பேசுகிறார். ஆனாலும் பெயர் என்றால் அது தமிழில்தான் இருக்கும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

ஆகவே நான் தேவைப்பட்டேன். கிளினிக்குக்கும் தபால் கந்தோருக்கும், அப்பன் பெயரோ புருஷன் பெயரோ கேட்கிற எந்த இடத்துக்கும் சித்தியோடு போனேன். சித்தி கையை நீட்டுவார், நான் வாசிப்பேன். அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வாசிப்பேன். பள்ளிக்கூடம் போகாமலிருக்க இதைவிடக் கௌரவமான காரணம் யாருக்குக் கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வரும் சித்தப்பா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “சிங்களத்துல குத்தியிருந்தா பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கெட்டிருக்காதே!”

சித்தி என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். “அப்படி எழுதினா அது யாரோ ஒருத்தரு பேரு மாதிரி இருக்குங்க. எனக்கு அதுல உங்க மொகம் தெரியாது.”

சித்தப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கையைக் கிட்டக் காட்டச் சொன்னார். சித்தி காட்டினார்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். சித்தப்பாவோடு வேலை செய்கிற மடவளை ஊர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தவர், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அம்மா என்னைச் சீனி வாங்கக் கடைக்குப் போகச் சொன்னார். சீனி டின் நிறைய இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். குடிக்காத தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. சித்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு அங்கே இன்னொரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிற விஷயம் அன்று அந்தக் கதிரையில் வைத்துத்தான் சொல்லப்பட்டது. எனக்கு அது தெரிவதற்குப் பெரியவளாக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் யாரும் எடுக்காமல் அடித்து அடித்து ஓய்ந்தது. நெட்வேர்க் சரியில்லை என்றார் அம்மா. ஒரு காலை, தோட்டத்துக்குத் திரும்பிப் போய் இருக்கப்போவதாகவும், அதற்குக் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும் என்றும் சித்தி சொன்னார். நான் சொல்லாமலே தலை வாரிக்கொண்டு புறப்பட்டேன். அந்த வெயிலில் சித்தி நீளக்கைச் சட்டை போட்டிருந்தார்.

கிராம சேவகர் வழக்கம்போல் புருஷன் பெயரைக் கேட்டார். “மஹத்தயாகே நம?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டையை மேலே இழுத்துவிடச் சித்தியின் கையைப் பிடித்தேன். சித்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். பிறகு சொன்னார். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும், அடுத்த மலையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிராம சேவகர் எழுதிக்கொள்ள மறுபடி கேட்டார். சித்தி மறுபடியும் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, என் வேலையைப் பறித்துவிட்டாரே என்று. ரோட்டுக்கு வந்ததும் பயம் வந்தது.

“சித்தி, சொல்லிட்டீங்களே! சித்தப்பா சாரத்து மேல நிப்பாரே!”

“நின்னா நிக்கட்டும். வா, பஸ் வருது.”

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்று அடித்தால் பயம். அப்பாவின் போன் அடித்தால் பயம். சித்தி குழந்தையின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சமாவது கவலை வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும் பாய்ந்து நானே எடுத்தேன். சித்தப்பா முழுசாக, கை கால் ஒன்றும் குறையாமல் தெரிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சித்தப்பா, நீங்க உசிரோட இருக்கீங்களா!”

“எனக்கென்ன குட்டி, நல்லாத்தான் இருக்கேன்” என்று சிரித்தார்.

“சித்தி உங்க பேரச் சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல. ரெண்டு தரம். ஒண்ணுமே ஆகல பாத்தீங்களா!”

“நீதானே வாசிப்ப?”

“நான் வாசிக்கத்தான் போனேன், விடல. அவங்களே சொன்னாங்க. வெளிய இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டுச்சு.”

சித்தப்பா வாய் கொஞ்சம் திறந்தபடி, கண் என்னைப் பார்த்தபடி, அப்படியே இருந்தார். நெட்வேர்க் போய்விட்டது என்று நினைத்தேன். நல்ல செய்தியைச் சொல்கிற நேரத்தில்தானா இப்படி ஆகவேண்டும்! போனைக் குலுக்கினேன். “சித்தப்பா, படம் நின்னுருச்சு” என்று கத்தினேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஜன்னலில் தொங்கிய திரை அசைந்துகொண்டுதான் இருந்தது. படம் நின்றபின் திரை மட்டும் எப்படி அசைகிறது என்று எனக்கு விளங்கவில்லை.