சித்தி பிடித்த கால்

ஒரே ஆள் இரண்டு விளையாட்டைச் சம்பளத்துக்கு ஆட முடியுமா என்று போன வாரம் டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் ஆண்கள். நால்வருக்கும் சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. டிவியை அணைத்துவிட்டேன். எங்கள் தெரு இந்தக் கேள்விக்கு எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதுவும் தப்பான தீர்ப்பு.

தூத்துக்குடியில் அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மா மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருந்தாள், வேறு யாருடைய பிள்ளையையோ. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். லாரி கிளம்பினால் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். லாரி இல்லாத நாளில் உப்பு புரோக்கர் வேலை பார்த்தார். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தோழிகள் கிடையாது. பேசுவதற்கு சித்தி ஒருத்திதான்.

அவளுக்குக் காலையில் கபடி, சாயங்காலம் கால்பந்து. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனி பெண்கள் கபடி அணி வைத்துச் சம்பளம் கொடுத்தது. ஊர்க் கால்பந்துக் கிளப்பும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தது. கபடியில் சித்தி பாடிப் போகிறவள். எதிர்க்களத்துக்குள் நுழைந்து, யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்பி வருவாள். பிடிக்கிற வேலை அவளுக்கு வராது. எதிரணிப் பெண் ஏறி வந்தால் கோட்டோரம் ஒதுங்கி நிற்பாள். "பிடிக்கதுக்கு வேற ஆளு இருக்கு, எனக்கு ஓடத்தான் தெரியும்" என்பாள். கால்பந்தில் பின்னால் நின்று தடுத்தாள். அங்கேயும் அவளை ஓடி முந்தியவள் கிடையாது. நான் மணலில் உட்கார்ந்து இரண்டையும் பார்ப்பேன். வேறு எங்கே போக?

தெருமுனைக் கடை அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏளா, ஒரு கால்ல ரெண்டு செருப்பு மாட்ட முடியுமா?"

"எனக்கு ரெண்டு காலு இருக்கு அண்ணாச்சி. ஒமக்கு எத்தன?"

அப்பாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. லாரியும் உப்பும் ஆண்பிள்ளை செருப்பு போல.

பிறகு கோவாவில் இருந்து ஒரு கால்பந்துக் கிளப் சித்தியைக் கேட்டது. ஆறு மாதம் அங்கே ஆட்டம். மீதி ஆறு மாதம் இங்கே வந்து கபடி ஆடலாம். கம்பெனியும் சரி என்றுவிட்டது. ஊர்ப் போட்டியின் பைனலுக்கு கிளப்பின் ஆள் வருவார், ஆட்டம் பிடித்தால் அங்கேயே முடிவு சொல்லிவிடுவார் என்று பேச்சு.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "போயேன், யாரு வேண்டாம்னா. பிள்ளைய ஹாஸ்டல்ல சேத்துருவோம்." கோபமில்லை. லாரிக்கு டயர் மாற்றுவதைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

"ஆறு மாசம் நீங்க உள்ளூர்லயே ஓட்டினா என்ன அத்தான்?"

"லாரியும் ஓட்டி, பிள்ளையும் பாக்கவா? ஒரு ஆளு ரெண்டு வேல பாக்க முடியுமாளா?"

மறுநாள் காலையில் எனக்குச் சடை பின்னும்போது நான்தான் கேட்டேன்.

"சித்தி, ஹாஸ்டல்ல யாரு பின்னுவா?"

"அங்கன அக்காமாரு இருப்பாவ."

"அவியளுக்கு என்னயத் தெரியாதே."

அன்றைக்கு அவள் இழுத்துப் பின்னியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது.

பைனல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோவாக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி நன்றாகத்தான் ஆடினாள். தொப்பிக்காரர் பக்கத்து ஆளிடம் அவளைக் கைகாட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு எங்கள் கோலைப் பார்த்து ஓடி வந்தாள். சித்தி பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் போகவிட்டாள். பிறகு பின்னாலிருந்து பாய்ந்து விழுந்து, அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். விசில் ஊதிய பிறகும் விடவில்லை.

மைதானம் மொத்தமாகச் சிரித்தது. எவனோ "கபடி, கபடி" என்று கத்தினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சித்திக்குச் சிவப்பு அட்டை. பெனால்டியில் கோல் விழுந்தது. கோப்பை கொடுக்கும் முன்பே தொப்பிக்காரர் எழுந்து போய்விட்டார்.

"நான் சொன்னேம்லா" என்றார் கடை அண்ணாச்சி. "கபடிப் பழக்கம் பந்துலயும் வந்துட்டு பாத்தியளா." அப்பா தலையாட்டினார். தெரு தலையாட்டியது. இரண்டு விளையாட்டு ஒருத்திக்கு ஆகாது என்பதற்கு இன்றைக்கும் எங்கள் தெருவில் சித்தி பிடித்த அந்தக் காலைத்தான் சாட்சி சொல்கிறார்கள்.

அடுத்த வருடம் சித்திக்குக் கல்யாணம் செய்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு விளையாட்டே அதிகம் என்றார்கள். கபடியும் போனது. அவள் போன பிறகு என்னை ஹாஸ்டலில்தான் சேர்த்தார்கள். அக்காமார் யாரும் பின்னவில்லை. நானே பின்னிக்கொள்ளப் பழகினேன். இப்போது முடியை ஒட்ட வெட்டிவிட்டேன்.

அன்றைக்குப் பைனல் முடிந்து நானும் சித்தியும் நடந்துதான் வீட்டுக்கு வந்தோம். அவள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி அவள் எங்கேயும் போகமாட்டாள். மைதானத்தில் கேட்டதை நானும் கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன்: கபடி, கபடி, கபடி.

"மூச்சு விடாமச் சொல்லணும்ளா" என்றாள் சித்தி.

அவள் ஆட்டத்தைத் தினமும் பார்த்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பாடிப் போகிறவளுக்குக் கால் பிடிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நானாவது கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. மூச்சு விடாமல் வீட்டு வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓடினேன்.