மாமா உகாண்டாவிலிருந்து வந்த கிழமை

உகாண்டாவிலிருந்து இலங்கைக்குத் திரும்புகிறவர் ஒஸ்லோ வழியாகப் போகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பூமிப்படத்தில் விரல் வைத்துப் பார்த்த எனக்கே, பத்து வயதில், அது தெரிந்தது. ஆனால் அம்மா தன் அண்ணனைப் பார்த்துப் பல வருடங்களாகியிருந்தன. பயணமுகவரோடு தொலைபேசியில் சண்டை பிடித்து, சுற்றுவழியில் ஒரு டிக்கெட் எடுத்து, மாமாவை ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் எங்கள் எட்டாம் மாடி வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

மாமா வன்னியில் ஒரு கிராமத்து அங்கிலிக்கன் ஆலயத்தில் குருவானவர். அவருடைய சபைக்கும் உகாண்டாவின் வடக்கிலுள்ள சில கிராமச் சபைகளுக்கும் ஒரு தோழமை இருந்தது. அங்கிருந்து ஒருவர் முன்பு வன்னிக்கு வந்து போயிருந்தார். இப்போது மாமாவின் முறை. போன இடமெல்லாம் உயிர்க்கோழி பரிசளித்தார்களாம். மோட்டார் சைக்கிளின் பின்னால், ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் கோழியுமாகப் போனதை அவர் நடித்துக் காட்டியபோது அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு மாமாவை உடனே பிடித்துப்போனது.

அடுத்த நாள் பின்னேரம் மாமாவின் கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவது என் பொறுப்பு. தகரக்கூரைக் கோயில்கள், மரவள்ளித் தோட்டம், வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு. பிறகு ஒரு மாமரம் வந்தது. அதன் கீழே நிறையக் கற்கள்.

"இது என்ன மாமா?"

"அங்கையும் சண்டை நடந்ததெல்லோ. கனபேர் திரும்பி வரேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை. அவையின்ரை ஆக்கள் ஒவ்வொருத்தரா எழும்பிப் பேரைச் சொல்லி, அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டும் சொல்லி, ஒரு கல்லு வைப்பினம். பிறகு செத்தவைக்குச் செய்யிற செபம்."

"செபம் நீங்களோ செய்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். முடியிற நேரம் என்னையும் கேட்டவை, உங்களுக்கும் ஆரும் இருக்கினமோ எண்டு." மாமா அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "நானும் ஒரு கல்லு வைச்சனான், தங்கச்சி. தம்பிக்கு."

சின்ன மாமாவை நான் பார்த்ததில்லை. எங்கள் நாட்டுச் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். எங்கே இருக்கிறார் என்று தெரியாது, ஆனால் இருக்கிறார் என்பதுதான் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அவன் செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

அதன்பின் மாமா எங்களோடு நின்ற நாளெல்லாம் அம்மா அவரோடு பேசவில்லை. பேசவேண்டியவை என் வழியாகப் போயின. "தேத்தண்ணி வேணுமோ எண்டு மாமாட்டைக் கேள்" என்பார். மாமா பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். ஆனாலும் நான் திரும்பிக் கேட்பேன். "ஓம் எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்பார் அவர். ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பதை நான் ஒரு பெரிய பதவியாகவே எடுத்துக்கொண்டேன். அப்பா வழக்கத்தைவிட முந்தியே பேருந்து ஓட்டப் போய்விடுவார்.

மாமா புறப்பட்ட நாளில் அம்மா வழியனுப்ப வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நிலக்கீழ் ரயிலில் எங்களுக்கு எதிரே, யன்னலைப் பார்த்தபடி இருந்தார். குறொன்லாண்ட் நிலையத்தில் கதவு திறந்து மூடியபோது, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

"என்ன சொன்னனீங்கள் அங்கை? அவனுக்கு என்ன விருப்பம் எண்டு?"

நான் மாமாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழும்பி நிண்டவுடனை ஒண்டும் ஞாபகம் வரேல்லை. நண்டுக்கறி எண்டு சொல்லிப்போட்டன்."

"நண்டோ?" அம்மா திரும்பினார். "அது உங்களுக்கெல்லோ! அவன் நண்டைத் தொடவேமாட்டான். அவனுக்குப் பால்ப்புட்டுத்தான் விருப்பமாயிருந்தது."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும். பக்கத்திலிருந்த நோர்வேக்காரர் நிமிர்ந்து பார்க்குமளவுக்குச் சிரித்தார்கள். பிறகு அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமா எழுந்துபோய் அவர் பக்கத்தில் இருந்தார். அங்கிருந்து விமான நிலையம் வரை இருவரும் கதைத்துக்கொண்டே வந்தார்கள். என் பதவி போய்விட்டது.

ஒரு நண்டுக்காக யாராவது இப்படி அழுவார்களா என்றுதான் அன்று யோசித்தேன். சின்ன மாமாவைப் பற்றி அம்மா எப்போதும் 'அவனுக்கு விருப்பம்', 'அவன் அப்பிடித்தான் சொல்லுவான்' என்றே பேசிவந்தவர். 'விருப்பமாயிருந்தது' என்று சொன்னது அதுதான் முதல்தடவை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இறந்தகாலம் படித்து, சோதனையில் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். ஆனாலும் அது என் காதில் விழவில்லை.